சீந்தில் கொடியில் வீடு, ஆரஞ்சுத் தோப்பில் சாப்பாடு

ஆரஞ்சு நிறம் மாறுகிற பருவத்தில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஒரு பழத்தைக் கையில் எடுத்துத் தோலை உற்றுப் பாருங்கள். குண்டூசி முனை அளவுக்கு எங்காவது ஒரு துளை இருக்கும். அதைச் சுற்றி எட்டணாக் காசு அகலத்துக்குத் தோல் பழுத்து, பழுப்பேறி, விரலால் அமுக்கினால் மெத்தென்று உள்வாங்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் துளை வழியாகச் சாறு கசியும். பழ ஈயின் வேலையாக இருந்தால் உள்ளே புழு நெளிய வேண்டும். இதை அறுத்துப் பார்த்தால் புழு இருக்காது. துளைக்கு நேர் கீழே உள்ள சுளை மட்டும் சக்கையாக, சாறில்லாமல் கிடக்கும். யாரோ வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வந்தது ஓர் அந்துப்பூச்சி. பெயர் யூடோசிமா ஃபலோனியா. 1763-இல் லின்னேயஸ் பெயர் வைத்தது. எங்கள் பக்கத்து விவசாயிகள் இவ்வளவு வம்பெல்லாம் வைத்துக்கொள்வதில்லை, ‘பழம் குத்துற பூச்சி’ என்பார்கள். ஆந்தை அந்துகள் என்று சொல்லும் நாக்டுயிடே கூட்டத்தில்தான் இதை வெகுகாலம் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அந்தக் கூட்டத்தையே கலைத்துப் போட்டு, இதை எரிபிடே என்ற குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வேளாண் புத்தகங்களில் தேடுகிறவர்கள் ஒத்ரெயிஸ் ஃபுல்லோனியா என்றும் ஓஃபிடெரெஸ் ஃபுல்லோனிக்கா என்றும் பார்ப்பார்கள். எல்லாம் இதுதான்.

எங்கள் மாமாவுக்குக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக்கும் பலாவும், ஊடே கொஞ்சம் ஆரஞ்சு மரங்கள். அந்தப் பழங்கள் சந்தைக்குப் போவதைவிடச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதுதான் அதிகம். ஒருமுறை ஐப்பசி வாக்கில் போயிருந்தபோது மரத்தடியில் நல்ல பழங்களாகவே உதிர்ந்து கிடந்தன.

“ஏன் மாமா, மருந்து எதுவும் அடிக்கலையா?”

“அடிச்சு என்ன மாப்ள பண்றது? அது இங்கன குடியிருந்தாத்தான மருந்துக்கு மாட்டும். ராத்திரி வருது, குடிக்குது, போயிருது.”

பூச்சியியல் பாடப்புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை மாமா இரண்டு வரியில் முடித்துவிட்டார். நாம் பழகிய பயிர் அந்துகள் பெரும்பாலும் பயிரிலேயே முட்டையிட்டு, பயிரிலேயே புழுவாகித் தின்று வளரும். கத்தரிக்காய்க்குள் இருப்பதும் பருத்திக் காயைக் குடைவதும் குழந்தைப் பருவத்தில் இருக்கிற புழுக்கள். சிறகு முளைத்த பூச்சியால் பயிருக்கு நேரடிச் சேதம் கிடையாது. இங்கே கதை தலைகீழ். புழு தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்காது, ஆரஞ்சு இலையில் ஒரு கடி கூடக் கடிக்காது. பழத்தைக் கெடுப்பது வளர்ந்து சிறகடிக்கிற பூச்சி. ஆணும் குத்தும், பெண்ணும் குத்தும்.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் இறங்கினோம். இதைத் தேடுகிறவர்கள் பூச்சியைத் தேடக் கூடாது, கண்ணைத் தேட வேண்டும். டார்ச் வெளிச்சம் பட்டால் அதன் கண்கள் செக்கச்செவேல் என்று கங்காய் மின்னும். இலைகளுக்கு நடுவே அப்படி இரண்டு சிவப்புப் புள்ளிகள். கிட்டே போய்ப் பார்த்தால், சிறகைக் கூரையாகச் சாய்த்து மூடிக்கொண்டு ஒரு பழத்தில் உட்கார்ந்திருந்தது. சிறகு விரித்தால் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் அகலம் வரும். அந்துப்பூச்சிகளில் இது பெரிய உருப்படிதான். மேல் சிறகு அப்படியே காய்ந்த இலை. பழுப்பு, நரம்போட்டம், அங்கங்கே பாசி பிடித்த பச்சைத் தீற்றல் எல்லாம் உண்டு. தலையை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தது. மாமா கிளையைத் தொட்டார். சட்டென்று மேல் சிறகு விலகியது. கீழே பளீரென்ற ஆரஞ்சு மஞ்சள், ஓரத்தில் கறுப்புப் பட்டை, நடுவில் வளைந்த ஒரு கறுப்புத் திட்டு. அந்த நிறம் கண்ணில் பட்ட அதிர்ச்சியில் நான் ஒரு எட்டு பின்வாங்கினேன். அதுதான் அதற்கும் வேண்டியது. இலையென்று நம்பிக் கொத்த வரும் பறவை திகைக்கிற அந்த நொடியில் அது பறந்துவிடும்.

பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழலை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நூலாய்ச் சுருண்டிருக்கும், பூவில் நீட்டும். தேன் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது, குடித்தால் போதும். ஆரஞ்சு அப்படியில்லை. தடித்த தோல், தோலுக்குள் எண்ணெய்ப் பைகள், அதற்குள் வெள்ளைப் பஞ்சு, அப்புறம்தான் சுளை. இதையெல்லாம் தாண்ட நூல் உதவாது. இந்தப் பூச்சியின் உறிஞ்சுகுழல் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் விறைப்பாக, மூட்டை தைக்கிற கோணி ஊசி கணக்காய் இருக்கும். நுனியில் பற்களும் பின்னோக்கி மடங்கும் கொக்கிகளும். குழல் இரண்டு பாதிகள் சேர்ந்தது. பூச்சி தலையை ஆட்டும்போது ஒரு பாதி முன்னே போகும், மற்றது நிற்கும். பிறகு அது போகும், இது நிற்கும். உள்ளே போன பாதி வழுக்கி வெளியே வராதபடி கொக்கிகள் விறைத்துத் தசையைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை விறைக்க வைப்பது பூச்சியின் உடம்புக்குள் ஓடும் திரவத்தின் அழுத்தம். மாமா தோட்டத்தில் நான் பார்த்த தலையாட்டல் இந்த அறுவை வேலைதான்.

இந்தக் குழல் ஒரு காலத்தில் பெரிய வீட்டு விவகாரமாகவே இருந்திருக்கிறது. சார்லஸ் டார்வின் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி 1862-இல் ஒரு புத்தகம் எழுதினார். சில ஆர்க்கிட்களில் தேன் குழாய் இருக்கிறது, தேன் இல்லை. அப்படியானால் பூச்சி ஏன் மெனக்கெட்டு வருகிறது? குழாயின் உட்சவ்வைக் குத்தி, இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் இருக்கும் சாற்றைக் குடிக்கிறது என்றார் டார்வின். மெல்லிய உறிஞ்சுகுழலால் குத்த முடியுமா என்ற கேள்வி எழத்தானே செய்யும்? 1875-இல் அவர் மகன் பிரான்சிஸ் டார்வின், ஆரஞ்சைக் குத்தும் இந்த அந்தின் உறிஞ்சுகுழலை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்து, அமைப்பை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1877-இல் ஆர்க்கிட் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆரஞ்சின் தடித்த தோலையே துளைக்கும் அந்து ஒன்று இருக்கிறது என்று அப்பா இதைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார். ஆரஞ்சுத் தோப்புக்காரனின் தலைவலி, ஆர்க்கிட்காரருக்கு ஆதாரம்.

குத்தப் பழகிய குழல் பழத்தோடு நிற்குமா? நிற்கவில்லை. இதே துணைக்குடும்பத்தில் கலிப்ட்ரா என்றொரு பேரினம் இருக்கிறது. ஹான்ஸ் பேன்சிகர் என்ற ஸ்விஸ் ஆய்வாளர் 1960-களின் பிற்பகுதியில் மலேசியக் காடுகளில் அந்துகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, கலிப்ட்ரா யூஸ்ட்ரிகேட்டா என்ற சின்ன அந்து பாலூட்டிகளின் தோலைத் துளைத்து ரத்தம் குடிப்பதைக் கண்டுபிடித்தார். அதுவரை தோலைத் துளைத்து ரத்தம் குடிக்கும் அந்து என்று ஒன்று அறிவியலுக்குத் தெரியாது. ரத்தம் குடிப்பவை ஆண்கள் மட்டும். கொசுவில் பெண், இதில் ஆண். பேன்சிகர் பிறகு தாய்லாந்தில் தங்கிப் பழம் குத்தும் அந்துகளைப் பற்றியும் விரிவாக எழுதினார். நான் மேலே சொன்ன தலையாட்டல், பாதிக் குழல் நகர்வு பற்றிய அறிவுக்கெல்லாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். நம் ஃபலோனியா சைவம்தான், பயப்பட வேண்டாம்.

சரி, குத்திய பிறகு? பூச்சி குடிக்கிற சாறு ஒரு பழத்துக்கு ஒன்றுமே இல்லை. நஷ்டம் துளையில் இருக்கிறது. அதன் வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போகின்றன. புளித்த வாடைக்குப் பழ ஈக்கள் வருகின்றன. சொந்தமாகக் குத்தத் தெரியாத மற்ற அந்துகளும் பின்னாலேயே வந்து, போட்டு வைத்த ஓட்டையில் குழலை விட்டுக் குடிக்கின்றன. ஆமணக்குச் செடியை மொட்டையடிக்குமே அக்கேயா ஜனாட்டா, அதன் வளர்ந்த பூச்சியும் இந்த இரண்டாம் பந்தியில் உட்காரும். சில நாளில் பழம் காம்பறுந்து விழும். விழாமல் பெட்டிக்குள் போய்விட்டாலும் ஆபத்துதான், அழுகல் பக்கத்துப் பழங்களுக்கும் தாவும். ஆரஞ்சு, சாத்துக்குடி மட்டுமில்லை. மாதுளை, கொய்யா, மாம்பழம், தக்காளி என்று மெல்லிய தோல், தடித்த தோல் பேதம் பார்க்காது.

இதில் அதிகம் அடிவாங்குகிறவர்கள் விதர்பாவின் நாக்பூர் ஆரஞ்சு விவசாயிகள். அங்கே ஒரே மரத்தில் இரண்டு பூப்பருவங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது அம்பியா பஹார், மழை தொடங்கியதும் பூப்பது மிருக் பஹார். அம்பியாப் பழங்கள் திரண்டு நிறம் ஏறுவது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. காட்டில் கொடிகள் மழையில் தழைத்து, புழுக்கள் தின்று கொழுத்து, அந்துகள் கூட்டமாகச் சிறகு விரிப்பதும் சரியாக அதே மாதங்களில். மிருக் பழங்கள் பிப்ரவரி, மார்ச்சில் பழுப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன.

காட்டுக் கொடி என்றேனே, அது சீந்தில். வேப்ப மரத்திலும் வேலியிலும் இதய வடிவ இலையோடு ஏறிக் கிடக்குமே, காகிதம் உரிகிற தண்டு, கடித்தால் நாக்கு மரத்துப்போகும் கசப்பு. சித்த வைத்தியத்தில் அதற்கு அமிர்தவல்லி என்று பெயர். தண்டை இடித்துக் கரைத்துத் தெளியவைத்து எடுக்கும் மாவுக்குச் சீந்தில் சர்க்கரை என்று பெயர், இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் ஃபலோனியாவின் புழுவுக்குச் சீந்திலும் அதன் சொந்தங்களும்தான் சாப்பாடு. கட்டுக்கொடி, வட்டத்திருப்பி எல்லாம் அந்தக் குடும்பம். மரமஞ்சளும் அதில் சேர்த்தி. மீன்களை மயக்கப் பயன்படும் காக்கைக்கொல்லி விதையும் அதே குடும்பத்தில்தான். தென்னமெரிக்காவில் அம்பு நுனியில் தடவிய குராரே விஷத்தின் ஒரு வகையும் அங்குள்ள உறவுக் கொடியிலிருந்து வந்தது. மொத்தத்தில் கசப்பும் விஷமும் கைவந்த பரம்பரை. மற்ற புழுக்கள் வாயை வைக்கத் தயங்கும் இலையை இது சர்வசாதாரணமாகத் தின்கிறது.

அந்தப் புழுவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இலையின் அடிப்பக்கம் முட்டை. பொரிந்து வருவது சின்னப் பச்சைப் புழு, நடுவுடம்பை வளைத்து வளைத்து நடக்கும். வளர வளரக் கறுத்து, வெல்வெட் மெருகேறி, ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வந்துவிடும். உடம்பின் இரண்டு பக்கமும், ஒரு பக்கத்துக்கு இரண்டாகப் பெரிய கண்கள். நிஜக் கண்ணில்லை, கறுப்பு வட்டம், சுற்றி வெளிர் வளையம், வரைந்து வைத்தது. தொந்தரவு செய்தால் தலையை அடியில் சுருட்டி மறைத்துக்கொண்டு, முன்னுடம்பை வளைத்து, வாலைத் தூக்கி நிற்கும். இப்போது நம்மைப் பார்ப்பது அந்தப் பொய்க் கண்கள். ஒரு சின்னப் பறவைக்கு அது எந்த மிருகமாகத் தெரியுமோ, நெருங்கி வருவதற்கு யோசிக்கும். முற்றிய பிறகு இரண்டு மூன்று இலைகளைப் பட்டு நூலால் சேர்த்துத் தைத்து உள்ளே கூட்டுப்புழுவாகும். முட்டையில் தொடங்கிச் சிறகு விரிக்க ஏறத்தாழ ஒரு மாதம்.

பசிபிக் தீவுகளில் இதே பூச்சிக்கு வேறு சமையல். அங்கே புழு முள்முருங்கை இனத்து மரங்களைத் தின்கிறது. நம் ஊரில் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுகிற முள்முருங்கையின் உறவு. சமோவா, டோங்கா, ஃபிஜி பக்கம் பழச் சேதம் மிஞ்சியபோது, பாப்புவா நியூ கினியிலிருந்து இதன் முட்டைக்குள் முட்டையிடும் பொடிக் குளவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சியைப் பழத்தோட்டத்தில் தேடாமல் அது பிறக்கிற இடத்திலேயே பிடித்த அந்த யோசனை எனக்குப் பிடித்தது. ஹவாய்க்கு இது வந்து சேர்ந்தது 1985-இல்தான்.

நம் ஊரில் கொடுக்கிற பரிந்துரைப் பட்டியல் என்ன? தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்திலை அழியுங்கள், சாயங்காலம் மூட்டம் போடுங்கள், புளித்த வெல்லப்பாகில் மருந்து கலந்து வையுங்கள், விளக்குப்பொறி வையுங்கள், பழத்துக்குப் பை கட்டுங்கள். இதில் முதலாவதோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சீந்திலை வெட்டி மரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், காற்றைக் குடித்துக்கொண்டே நூல் விழுது இறக்கி மண்ணைத் தேடும். அவ்வளவு லேசில் சாகிற கொடி இல்லை. அப்படியே வேலியோரச் சீந்திலை வேரோடு பிடுங்கினாலும் மேலே காடு முழுக்க இருக்கிறது. கடல் தாண்டித் தீவு தீவாகப் பரவிய பூச்சிக்கு ஒரு மலைச்சரிவு என்ன தூரம்? கொரோனா சமயத்தில் வடக்கே கிலோய் என்று தேடித் தேடிக் குடித்தார்களே, அந்த மருந்துக் கொடியை ஒருபுறம் வளர்க்கச் சொல்லி மறுபுறம் பிடுங்கச் சொல்கிறோம். மாமாவிடம் இதைச் சொன்னபோது, “நம்ம பாட்டி நட்ட சீந்தில் மாப்ள அது, அதுல கைவச்சா கனவுல வந்து திட்டும்” என்றார். பூச்சியியலில் இடம் பெறாத காரணம், ஆனாலும் வலுவான காரணம்.

ஜப்பானியர்கள் விளக்கை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். அங்கே யூடோசிமா டிரன்னஸ் என்ற இன்னொரு பழம் குத்தி, அகேபியா என்ற கொடியில் வளர்ந்து பேரி, பீச் தோப்புகளுக்கு வருகிறது. தோப்பில் ராத்திரி முழுக்க மஞ்சள் விளக்கு எரியவிட்டார்கள். வெளிச்சத்தில் அந்தின் கூட்டுக்கண் பகல் நிலைக்கு மாறிக்கொள்ளும். விடிந்துவிட்டது என்று எண்ணி உட்கார்ந்துவிடும், பறக்காது, குத்தாது. பூச்சியைக் கொல்லாமல் தூங்க வைக்கிற வைத்தியம். கரண்ட் பில் கட்டக்கூடியவர்களுக்கு நல்லது. மாமா தோட்டத்தில் காற்றடித்தால் கரண்டே போய்விடும்.

பை கட்டுவதுதான் உருப்படியான வழி என்பது என் கட்சி. அடியில் ஓட்டை போட்ட பாலித்தீன் பையோ காகிதப் பையோ. மாதுளைக்காரர்கள் கட்டுகிறார்கள், ஏனென்றால் ஒரு பழத்துக்குக் கிடைக்கிற விலை கூலிக்குக் கட்டுபடியாகும். ஆரஞ்சு மரத்தில் நூற்றுக்கணக்கில் காய் தொங்கும்போது எந்த ஆளை வைத்துக் கட்டுவது? வீட்டை ஒட்டிய இரண்டு மரங்களுக்கு மட்டும் மாமா கட்டுகிறார். அந்தப் பழங்கள்தான் எங்கள் வீட்டுக்கு வருபவை. மற்ற மரங்கள் பூச்சிக்கும் குரங்குக்கும் வியாபாரிக்கும்.

இந்த அந்துக்கும் எதிரிகள் உண்டு, பெரிய எதிரி வௌவால். ஆந்தை அந்துகளுக்கும், இதைச் சேர்த்த எரிபிடே கூட்டத்துக்கும் மார்பின் பின்பகுதியில் பக்கத்துக்கு ஒரு காது இருக்கிறது. ஒரு காதில் ஒலியை உணரும் செல்கள் வெறும் இரண்டு. அந்த இரண்டை வைத்துக்கொண்டே வௌவாலின் மீயொலியைக் கேட்டு, தூரத்தில் என்றால் திசை திரும்பும், கிட்டத்தில் என்றால் சிறகை மடக்கிக் கல்லாய்க் கீழே விழும். இதை அமெரிக்காவின் கென்னத் ரோடரும் ஆஷர் ட்ரீட்டும் ஆராய்ந்தார்கள். ட்ரீட் கண்டுபிடித்த இன்னொரு சங்கதி இன்னும் சுவாரசியம். ஆந்தை அந்துகளின் காதுக்குள் குடியேறிக் காதையே பாழாக்கும் நுண்ணிய உண்ணி ஒன்று உண்டு. எத்தனை உண்ணிகள் ஏறினாலும் ஒரே காதுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், மறு காதைத் தொடாது. இரண்டும் செவிடானால் அந்து வௌவால் வாய்க்குப் போகும், உண்ணிகளும் கூடவே போக வேண்டியதுதான்.

வேலியிலோ மதிலிலோ சீந்தில் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பொய்க்கண் புழு கிடைத்தால் கொடியோடு ஒடித்து, வாயில் வலை கட்டிய பாட்டிலில் வைத்து, தினம் புது இலை போடுங்கள். வெளிவரும் அந்தின் பின் சிறகைப் பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும். கறுப்புத் திட்டு வளைந்திருந்தால் ஃபலோனியா, உருண்டைப் பொட்டாக இருந்தால் அதன் உறவு யூடோசிமா மேட்டர்னா, அதுவும் சீந்தில் குடும்பம்தான், அதுவும் பழம் குத்தும். திறந்து விடுவதற்கு முன் ஒரு ராத்திரி பழம் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தோலோடு வையுங்கள். உரித்து வைத்தால் குடிக்கும், ஆனால் குத்துவதைப் பார்க்க முடியாது.